உணரிக்கு முன்னால் எந்தச் சொல்? இதயக் குறிப்பான் உணரிகளுக்கான கலைச்சொற்கள்

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

மாரடைப்பின்போது இரத்தத்தில் கலக்கும் புரதங்களை ஒளிரும் நானோதுகள்களின் துணையால் அளந்தறியும் கருவிக்குத் தமிழில் என்ன பெயர் இடலாம் என்ற கேள்வியைத் தொடர்ந்து வந்த மடல்கள் அனைத்தையும் படித்தேன். முதலில் முன்வைக்கப்பட்ட பெயர் ‘ஒளியுமிழ் நானோதுகள் அடிப்படையிலான இதயநோய்க் குறிப்பான் கண்டறி உயிருணரி’ என்பது. இதில் குறிப்பான் என்பது அப்புரதங்களையும், உணரி என்பது அவற்றைக் கண்டறியும் கருவியையும் (சென்சார்) சுட்டும். மறுமொழிகளில் பெரும்பாலானவை அதன் நீளத்தைக் குறைசொல்கின்றன. எனக்கு நீளம் ஒரு பொருட்டாகத் தோன்றவில்லை. ஆய்வுக் கட்டுரையின் தலைப்பு எம்மொழியிலும் நீளமாகத்தான் இருக்கிறது. ஆனால் எது ஒளிர்கிறது, எது உணர்கிறது, எது உணரப்படுகிறது என்ற மூன்றையும் இத்தொடரிலிருந்து பிரித்தறிய முடியவில்லை என்பதே என் தடை. அதை நீக்குவதற்குச் சொற்களைச் சுருக்கினால் போதாது. இடம் மாற்ற வேண்டும்.

பெயருக்குப் போகுமுன் பொருளைப் பார்த்துவிடுவோம். தசை சுருங்குவதை நெறிப்படுத்தும் ட்ரோபோனின் என்ற புரதத் தொகுதியை 1960களில் ஜப்பானிய அறிஞர் செட்சுரோ எபாஷி கண்டறிந்தார். அத்தொகுதியின் மூன்று உறுப்புகளில் ஐ, டி என்னும் இரண்டுக்கும் இதயத்தசைக்கே உரிய வடிவங்கள் உண்டு. இதயத்தசைச் செல்கள் சிதையும்போது அவை இரத்தத்தில் கசிகின்றன. மருத்துவமனைகளில் ‘ட்ரோப்-ஐ’, ‘ட்ரோப்-டி’ என்று சொல்லப்படும் சோதனைகள் அளப்பது இவற்றைத்தான். இன்று புழங்கும் உயர் உணர்திறன் சோதனையில், நலமாக உள்ளவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேர் அடங்கும் மேல்வரம்பு, ட்ரோபோனின்-டியைப் பொறுத்தவரை லிட்டருக்கு 14 நானோகிராம். ஒரு லிட்டர் பிளாஸ்மாவில் ஏறத்தாழ 70 கிராம் புரதம் இருக்கிறது என்பதை நினைவில் கொண்டால், நாம் தேடும் பொருள் 500 கோடியில் ஒரு பங்கு என்பது விளங்கும். கண்ணுக்குத் தெரியும் நிறமாற்றத்தை நம்பி இந்த அளவை எட்ட இயலாது என்பதால்தான் ஒளிர்வின் துணையை நாடுகிறார்கள்.

பரவலான அமைப்பு இதுதான். ஒரு பரப்பில் ட்ரோபோனினைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருளை (ஆன்டிபாடி) பதித்து வைக்கிறார்கள். இரத்த மாதிரியிலுள்ள ட்ரோபோனின் அதில் ஒட்டிக்கொண்டபின், ஒளிரும் நானோதுகளைச் சுமந்த இரண்டாம் எதிர்ப்பொருள் வந்து அதே ட்ரோபோனினின் வேறோர் இடத்தைப் பற்றுகிறது. பற்றாதவற்றைக் கழுவி நீக்கிவிட்டு, எஞ்சிய துகள்களின்மீது ஒளி பாய்ச்சினால் அவை வேறு நிறத்தில் ஒளிர்கின்றன. அவ்வொளியை ஓர் ஒளிமானி எண்ணாக்குகிறது. ஆக, உணரப்படுவது ட்ரோபோனின். அதை இனங்காண்பது எதிர்ப்பொருள். செய்தியை ஒளியாக அறிவிப்பது துகள். ஒளியை அளப்பது ஒளிமானி. பெயரில் இந்த நால்வரின் வேலைகளும் ஒன்றோடொன்று கலந்துவிடக் கூடாது.

இனிச் சிக்கலின் மையத்துக்கு வருகிறேன். ‘உணரி’ என்ற சொல் தமிழில் நன்றாக வேரூன்றிவிட்டது. ‘சென்சார்’ என்று எழுதினால் போதாதா என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். தமிழ்நாட்டில் அச்சொல்லைக் கேட்டதும் திரைப்படத் தணிக்கைதான் பலருக்கு நினைவுக்கு வரும் என்பதை ஒதுக்கிவிட்டாலும், உணரியைச் சார்ந்து உணர்திறன், உணர்பரப்பு, உணர்வரம்பு என்று குடும்பமாகச் சொற்கள் பிறப்பதால் அதை விடுவதற்குக் காரணமே இல்லை. ஆனால் ‘உணரி’க்கு ஒரு பழக்கம் இருக்கிறது. புகையுணரி, வெப்பவுணரி, கைரேகையுணரி, அகச்சிவப்பு உணரி என்று எதை எடுத்துக்கொண்டாலும், உணரிக்கு நேர் முன்னால் நிற்கும் பெயர்ச்சொல் உணரப்படும் பொருளையே குறிக்கிறது. புகையை உணர்வது புகையுணரி. இலக்கணம் படித்தோர் இதை இரண்டாம் வேற்றுமைத் தொகை என்பார்கள். ‘ஒளிர்வுணரி’ என்று எழுதிவிட்டு, ஒளிர்வால் உணர்வது என்று மூன்றாம் வேற்றுமையாக விரித்துக்கொள்ளுங்கள் என்று படிப்பவரிடம் நாம் கேட்க முடியாது. அவர் ஒளிர்வை உணர்வது என்றே விரிப்பார், அதாவது ஒளிமானியை நினைப்பார். ‘நானோதுகள் உணரி’ என்றால் காற்றிலோ நீரிலோ உள்ள நானோதுகள்களைக் கண்டறியும் கருவி என்று கொள்வார். அத்தகைய கருவிகளும் உண்மையாகவே இருப்பதால் குழப்பம் வெறும் கற்பனையன்று.

எனவே என் முன்மொழிவின் அடிப்படை இது: உணரிக்கு நேர் முன்னாலுள்ள இடத்தை உணரப்படும் பொருளுக்கே விட்டுவிடுவோம். எதைக் கொண்டு உணர்கிறது என்பதை அதற்கும் முன்னால் ‘வழி’ என்ற சொல்லோடு சேர்த்துச் சொல்வோம். ‘தமிழ்வழிக் கல்வி’ என்ற தொடரைத் தமிழைக் கற்பது என்று எவரும் கொள்வதில்லை. தமிழைக் கருவியாகக் கொண்டு பிற பாடங்களைக் கற்பது என்றே கொள்கிறோம். அதே ‘வழி’ இங்கும் பயன்படும். ‘நானோதுகள்வழி ட்ரோபோனின் உணரி’ என்பதில் எது கருவி, எது இலக்கு என்ற ஐயம் எழவில்லை. ‘அடிப்படையிலான’ என்னும் நீண்ட சொல்லும் தானாகவே உதிர்ந்துவிடுகிறது. அச்சொல் ஆங்கிலத் தொடரின் நிழலாக நம் அறிவியல் உரைநடைக்குள் நுழைந்து, இப்போது எதற்கெடுத்தாலும் வந்து நிற்கிறது. அடித்தளம் என்ற பொருள் உண்மையிலேயே இருக்கும் இடத்தில் மட்டும் அதை வைத்துக்கொள்வோம்.

இவ்விதிக்கு எதிராக ‘மின்வேதியுணரி’யைச் சுட்டிக்காட்டுவோர் இருக்கலாம், அதில் மின்வேதி என்பது முறைதானே தவிர உணரப்படும் பொருளன்று. உண்மைதான். ஆனால் ‘மின்வேதி’ என்று தனியே ஒரு பொருள் உலகில் இல்லாததால் அச்சொல்லை யாரும் தவறாகப் படிப்பதில்லை. முன்னால் நிற்பது தானே உணரப்படக்கூடிய பொருளாகவும் இருக்கும்போதுதான் விதி தேவைப்படுகிறது. வினைப்பகுதி வந்து நிற்பதையும் விதிக்குள் அடக்க வேண்டியதில்லை: ‘தொடு உணரி’ என்பதைப்போல வினைத்தொகை உணரியின் இயல்பைச் சொல்லுமே தவிர இலக்கைச் சொல்லாது. இந்த வேறுபாடு பின்னால் ஓரிடத்தில் உதவும்.

அடுத்தது, ஆங்கிலத்தில் பயோசென்சார் எனப்படும் ‘உயிருணரி’. மேற்கண்ட பழக்கத்தின்படி இது உயிர் இருக்கிறதா என்று அறியும் கருவியாக, இடிபாடுகளுக்குள் சிக்கியவர்களைத் தேடும் கருவியைப்போல ஒலிக்கிறது. லீலண்ட் கிளார்க்கும் அவருடைய துணையாளரும் 1962இல் விவரித்த, இவ்வகையின் முதல் கருவி இரத்தத்திலுள்ள குளுக்கோசை அளப்பதற்கானது. அதில் உயிர் சார்ந்த பகுதி குளுக்கோசை ஆக்சிசனேற்றம் செய்யும் நொதி. அதாவது நொதியோ எதிர்ப்பொருளோ டி.என்.ஏ. இழையோ உயிர்ச்செல்லோ இனங்காணும் வேலையைச் செய்தால்தான் அதை இப்பெயரால் அழைக்கிறார்கள். வெறும் மின்முனையைக் கொண்டு இரத்தத்தின் சோடியத்தை அளக்கும் கருவி உடலைச் சோதித்தாலும் இவ்வகையில் சேராது. ஆற்றுநீரில் பூச்சிக்கொல்லியின் எச்சத்தை நொதியைக் கொண்டு அளக்கும் கருவி உடலோடு தொடர்பே இல்லாவிட்டாலும் சேரும். அப்படியானால் ‘உயிர்’ இங்கே கருவி, இலக்கன்று.

இதற்கு ‘உயிர்வழி உணரி’ என்று புதிதாகச் செய்ய வேண்டுமா? வேண்டாம் என்பேன். நம் பாடநூல்கள் உயிரி எரிபொருள், உயிரி உரம், உயிரிவாயு, உயிரித் தொழில்நுட்பம் என்று ‘உயிரி’யை ஒரு முன்னடையாகவே பழக்கிவிட்டன. உயிரி உரம் என்றதும் உயிரிகளுக்கு இடும் உரம் என்று எந்த உழவரும் நினைப்பதில்லை. நுண்ணுயிரிகளைக் கொண்ட உரம் என்று தெளிவாக அறிந்திருக்கிறார். அந்தப் பழக்கத்தின்மீது ஏறி ‘உயிரியுணரி’ என்று சொன்னால் போதும். ‘உயிருணரி’க்கும் ‘உயிரியுணரி’க்கும் இடையே ஓரெழுத்துதான் வேறுபாடு என்றாலும், பொருள் செல்லும் திசை வேறு. இந்த ஒன்றை மட்டும் குழு ஏற்றுக்கொண்டாலே பாதி வேலை முடிந்துவிடும் என்று நினைக்கிறேன்.

‘ஒளியுமிழ்’ என்ற சொல்லைப் பார்ப்போம். ஒளியுமிழ் டையோடு (எல்.இ.டி.) என்ற வழக்கால் இது எல்லோருக்கும் தெரிந்த சொல். ஆயினும் ஒளியை உமிழ்வது எதுவாகவும் இருக்கலாம்: பழுக்கக் காய்ச்சிய இரும்பும் உமிழ்கிறது, சூரியனும் உமிழ்கிறது. சூடேறாமல் வெளிப்படும் ஒளியைத் தனியே பிரித்துக்காட்டுவதற்காகத்தான் ஜெர்மானிய இயற்பியலாளர் வீடமான் 1888இல் லூமினசென்ஸ் என்ற பெயரை உருவாக்கினார். அதற்கு ‘ஒளிர்வு’ என்பதை நிலைநிறுத்துவோம். பேச்சுவழக்கில் மின்விளக்கும் ஒளிர்கிறது என்பது தெரியும். கலைச்சொல்லாக ஏற்கும்போது எந்தச் சொல்லுக்கும் எல்லை சற்றுக் குறுகத்தான் செய்யும். உமிழ்தலை உமிழ் நிறமாலை, உமிழ்வு அலைநீளம் என்று அளவீட்டின் பக்கத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஒளிர்வு பொதுப்பெயர் என்றால் அதன் வகைகளுக்குத் தனிப்பெயர் வேண்டும். இங்குதான் நம் வழக்கு சற்றுக் கலைந்து கிடக்கிறது. ஒளியூட்டல் நின்றபின்னும் தொடரும் வகைக்குத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் தந்த ‘நின்றொளிர்தல்’ அருமையான சொல். ஆனால் உடனே தோன்றி உடனே மறையும் வகைக்கு வெறுமனே ‘ஒளிர்தல்’ என்று எழுதிவிடுவதால் பொதுப்பெயரும் வகைப்பெயரும் ஒன்றாகிவிடுகின்றன. ‘உடனொளிர்வு’ என்று இணையத்தில் வழங்கும் சொல்லை எடுத்துக்கொண்டால் உடனொளிர்வு, நின்றொளிர்வு என்று இணையாக அமையும். உடனொளிர்வையே சுட்டும் இலங்கை வழக்கான ‘புளோரொளிர்வு’க்காக இருவர் எழுதியிருந்தார்கள். அச்சொல்லின் மூலமான ‘புளோரசென்ஸ்’ என்பதை 1852இல் உருவாக்கிய இயற்பியலாளர் ஸ்டோக்ஸ், ஒளிரும் கனிமம் ஒன்றின் பெயரிலிருந்து அதை எடுத்தார். அக்கனிமமோ உலோகம் உருக்குவோர் கசடை இளக்கி ஓடவைப்பதற்குப் பயன்படுத்தியதால் ஓட்டத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லால் பெயர்பெற்றது. ஒளிர்வதற்குப் புளோரின் தேவை என்ற தவறான எண்ணத்தை மாணவருக்குத் தரும் சொல்லை நாம் சுமக்க வேண்டியதில்லை. ஆங்கிலத்தில் பாஸ்பரசின் பெயரால் ‘பாஸ்பரசென்ஸ்’ என்று அழைக்கப்படும் நின்றொளிர்வின் நிலை இன்னும் வேடிக்கையானது: வெண்பாஸ்பரஸ் இருளில் ஒளிர்வது காற்றோடு வினைபுரிவதால், அது வேதியொளிர்வே தவிர நின்றொளிர்வன்று.

இந்தப் பகுப்பு நம் கருவிக்கு ஏன் வேண்டும் என்று கேட்கலாம். இதய உணரிகளில் பயன்படும் துகள்கள் எல்லாம் ஒரே வகையில் ஒளிர்வதில்லை. காட்மியம் செலினைடு போன்ற குறைகடத்திகளாலான குவாண்டம் புள்ளிகள், 2023ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு எக்கிமோவ், புரூஸ், பவெண்டி ஆகியோருக்குக் கிடைத்தபோது செய்தித்தாள்களில் இடம்பெற்றவை, தம் அளவுக்கேற்ப நிறம் மாறுபவை: இரண்டு நானோமீட்டர் அருகே நீலம், ஆறு அருகே சிவப்பு. யூரோப்பியம் என்ற தனிமத்தை ஏற்றிய துகள்களின் ஒளிர்வு நூற்றுக்கணக்கான மைக்ரோவினாடிகள் நீடிக்கும். இரத்தத்திலுள்ள புரதங்களும் பிறவும் தாமே வெளியிடும் ஒளிர்வு சில நானோவினாடிகளில் அடங்கிவிடும். ஆகவே ஒளியூட்டிவிட்டுச் சற்றே பொறுத்து அளந்தால், இரைச்சல் ஓய்ந்தபின் துகளின் ஒளி மட்டும் எஞ்சி நிற்கும். மூன்றாம் வகை, குறைந்த ஆற்றலுடைய அகச்சிவப்பு ஒளியை வாங்கி அதிக ஆற்றலுடைய பச்சையோ சிவப்போ தருவது. 980 நானோமீட்டர் ஒளியில் இரத்தப் பொருள்கள் இப்படி மேலேறி ஒளிராததால் பின்புலம் ஏறக்குறைய முற்றிலும் இருளாகிவிடுகிறது. இம்மூன்றையும் ‘உடனொளிர் துகள்’ என்ற ஒரே பெயருக்குள் அடைத்தால் பிழையாகும். ‘ஒளிர்’ என்ற பொதுச்சொல்லே சரி.

மூன்றாம் வகைக்கு ‘மேல்மாற்றம்’ என்று எழுதியிருந்ததைக் கண்டேன். எதை மேலே மாற்றுகிறது என்று தெரியாத சொல் அது. ஒன்றுக்கு மேற்பட்ட ஒளித்துகள்களின் (ஃபோட்டான்களின்) ஆற்றல் படிப்படியாக ஏறி ஒன்றாக வெளிப்படுவதால் ‘ஏறொளிர்வு’ என்று சொல்லிப் பார்க்கலாம். சொல்லவும் எளிது.

துகளின் பெயரில் ஒரு பொறி இருக்கிறது. ‘ஒளிர்துகள்’ என்று சுருக்கலாமே என்று சிலர் விரும்புகிறார்கள். ஆனால் ஃபோட்டானை ‘ஒளித்துகள்’ என்று எழுதும் வழக்கு நம்மிடம் உண்டு; மேலே நானே அப்படித்தான் எழுதியிருக்கிறேன். ஒளிர்துகள் ஒளித்துகளை வெளியிடுகிறது என்று அச்சில் வந்தால் பிழைதிருத்துபவர் ஏதாவது ஒன்றைத் திருத்திவிடுவார். ஆகவே நடுவில் ‘நானோ’வை விடாமல் ‘ஒளிர் நானோதுகள்’ என்றே எழுதுவோம். ‘நானோ’வுக்குத் தமிழ் வேண்டும் என்ற வாதத்தில் நான் நீண்ட நேரம் நிற்கப் போவதில்லை. ‘நுண்’ என்பதை நுண்ணுயிரியும் நுண்ணோக்கியும் எடுத்துக்கொண்டன. அவை ஆயிரம் மடங்கு பெரிய அளவைச் சேர்ந்தவை. ‘மீநுண்’ என்பது தனிச்சொல்லாக அழகுதான், ஆனால் அதே பத்தியில் நானோமீட்டரும் நானோகிராமும் நானோவினாடியும் வரும்போது துகள் மட்டும் மீநுண்ணாக இருப்பது ஒட்டவில்லை. தமிழ்நாட்டில் நானோ, இலங்கையில் நனோ என்ற வேறுபாடு இருந்துவிட்டுப் போகட்டும்.

‘ஒளிர்மணி’ என்ற பரிந்துரை என்னை மிகவும் ஈர்த்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். மணி என்றால் நெல்மணியும் ஆகும், கோத்த மணியும் ஆகும், இரத்தினமும் ஆகும். குவாண்டம் புள்ளி உண்மையிலேயே ஒரு படிகம் என்பதால் பொருத்தம் இன்னும் கூடுகிறது. பக்கத்து வீட்டு அம்மையாரின் பெயர்போல இருக்கிறது என்று ஐயா ஒருவர் எழுதியதைத் தடையாக நான் கருதவில்லை. என் தடை வேறு: இதே துறையில் மணி என்ற சொல்லுக்கு ஏற்கெனவே வேலை காத்திருக்கிறது. பெரிய ஆய்வகங்களின் தானியங்கிக் கருவிகள் சில, ட்ரோபோனினைப் பிடித்து இழுப்பதற்குச் சில மைக்ரோமீட்டர் அளவுள்ள காந்தக் குண்டுமணிகளைப் பயன்படுத்துகின்றன. ருத்தீனியச் சேர்மம் ஒன்று மின்முனையில் ஒளிர்வதை அளக்கின்றன. அந்தக் குண்டுமணிகளுக்குக் ‘காந்தமணி’ என்பதைவிடச் சிறந்த பெயர் அமையாது. காந்தமணி இழுப்பது, ஒளிர் நானோதுகள் அறிவிப்பது என்று வேலையும் அளவும் வேறாக இருக்கையில் இரண்டுக்கும் மணி என்றால் மயக்கம் வரும். எனவே மணியை மைக்ரோ அளவுக்கு விட்டுவிடலாம்.

‘மின்மினித் துகள்’ என்ற பரிந்துரை பற்றியும் ஒரு சொல். தனித்தனிக் குவாண்டம் புள்ளிகளை நுண்ணோக்கியில் பார்த்தால் அவை உண்மையிலேயே விட்டுவிட்டு மின்னுகின்றன. எழுதியவருக்கு இது தெரிந்திருந்ததா என்று தெரியவில்லை, தெரியாமலே பொருந்திவந்திருந்தால் இன்னும் சுவை. ஆனால் மின்மினியின் ஒளி நொதியால் நிகழும் வேதியொளிர்வு. அந்த நொதியையே அடையாளமாகக் கொண்ட சோதனைகளும் இருப்பதால், இப்பெயரை அவற்றுக்கு விட்டுவைப்பதே நேர்மை.

இனிக் ‘குறிப்பான்’. சொல் நன்று, அதன்முன் நிற்கும் ‘இதயநோய்’தான் எனக்கு உடன்பாடில்லை. ட்ரோபோனின் கூடியிருப்பது இதயத்தசை காயமுற்றிருக்கிறது என்பதை மட்டுமே சொல்கிறது. மாரடைப்பால் காயமுற்றிருக்கலாம், இதயத்தசை அழற்சி, நுரையீரல் தமனியில் உறைகட்டி, கடுமையான குருதித்தொற்று, நாட்பட்ட சிறுநீரக நோய் ஆகியவற்றிலும் கூடலாம், நெடுந்தொலைவு ஓடி முடித்த நலமான ஓட்டக்காரரிடமும் சிறிது கூடும். பி.என்.பி. என்னும் பெப்டைடோ காயத்தையே குறிப்பதில்லை. இதய அறையின் சுவர் இழுவிசைக்கு உள்ளாவதைக் குறிக்கிறது. (1988இல் பன்றியின் மூளையிலிருந்து முதலில் பிரித்தெடுத்ததால் முதலெழுத்தான ‘பி’யில் மூளையின் ஆங்கிலப் பெயரைச் சூட்டிவிட்டார்கள், பெருமளவில் சுரப்பது இதயம் என்று பின்னர் தெரிந்தும் பெயர் மாறவில்லை. முதற்பெயர் எவ்வளவு பிடிவாதமானது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.) எனவே நோயை விட்டுவிட்டு ‘இதயக் குறிப்பான்’ என்போம். ‘நோய்க்குறி’ என்ற பழஞ்சொல் நோயாளியிடம் காணும் அறிகுறிகளைக் குறிப்பதால், ‘இதயநோய்க்குறி’ என்று சுருக்குவதும் தவிர்க்கப்பட வேண்டியது.

இங்கே கவனிக்க வேண்டிய இன்னொன்று, குறிப்பானும் அடையாளமும் கலப்பது. எதிர்ப்பொருளின் முதுகில் ஏற்றி அனுப்பும் நானோதுகளையும் சில மொழிபெயர்ப்புகள் ‘குறி’ என்கின்றன. அப்போது குறியைக் குறியால் குறிக்கும் நிலை வந்துவிடுகிறது. உடலிலிருந்து வருவது குறிப்பான். நாம் ஒட்டி அனுப்புவது அடையாளம் அல்லது அடையாளத் துகள். விரைவுச் சோதனைப் பட்டைகளில் சிவப்புக் கோடாகத் தெரிவதும் அடையாளத் துகளே, தங்க நானோதுகள். ஆனால் அங்கே நாம் காண்பது அதன் நிறம், ஒளிர்வன்று. ஆகவே கருப்பச் சோதனைப் பட்டையை இவ்வகை உணரிக்கு எடுத்துக்காட்டாகக் கூறிய மடல் திருத்தம் பெற வேண்டும்.

தங்கத்துக்கு வேறொரு பணி உண்டு. ஒளிரும் துகளுக்குச் சில நானோமீட்டர் நெருக்கத்தில் அது இருந்தால், துகள் வாங்கிய ஆற்றல் ஒளியாக வெளிப்படாமல் தங்கத்துக்குக் கடந்துவிடும். இதை ‘ஒளிர்வுத் தணிப்பு’ எனலாம். ‘அவிப்பு’ என்ற பரிந்துரையும் விளக்கை அவிப்பதை நோக்கச் சரியானதே, ஆயினும் அவித்தல் இன்று சமையலறைக்குப் போய்விட்டது. மேலும் அவிந்த விளக்கில் ஒளி எஞ்சுவதில்லை, தணிந்ததில் எஞ்சும். குறிப்பான் வரும்போது தணிப்பு நீங்கி ஒளி கூடும் அமைப்பும் உண்டு, குறிப்பான் வந்ததால் ஒளி தணியும் அமைப்பும் உண்டு. இவ்விரண்டையும் பிரிப்பதற்குத்தான் முன்பு சொன்ன வினைத்தொகை உதவுகிறது: ‘ஒளிகூடு உணரி’, ‘ஒளிதணி உணரி’. வினைப்பகுதியில் முடிவதால் ஒளியை உணரும் கருவி என்ற மயக்கம் இல்லை. கருவியின் நடத்தை மட்டும் தெரிகிறது. ஒளிதணி உணரியில் ஒளியின் அளவு குறைவது நோயாளிக்கு நல்ல செய்தியன்று என்பதை விளக்கக் குறிப்பில் சேர்த்துக்கொள்ளலாம், ஏனெனில் முடிவுத்தாளைப் பார்ப்பவர்கள் எண் கூடினால்தான் அஞ்சிப் பழகியிருக்கிறார்கள்.

சொற்கள் தனித்தனியே அழகாக இருப்பது போதாது, ஒரு பத்தியில் சேர்ந்து நிற்க வேண்டும். ஆகவே சோதனைக்காக இப்படி எழுதிப் பார்த்தேன்:

‘இது ஒளிர் நானோதுகள்வழி ட்ரோபோனின் உணரி. இட்டெர்பியமும் எர்பியமும் ஏற்றிய சோடியம் இட்ரியம் புளோரைடு படிகங்கள் இதில் அடையாளத் துகள்களாகப் பயன்படுகின்றன. 980 நானோமீட்டர் ஒளியால் கிளர்வுறும் இவற்றின் ஏறொளிர்வு, 540 நானோமீட்டர் அருகே பச்சையாகவும் 655 அருகே சிவப்பாகவும் வெளிப்படுகிறது. துகளோடு டி.என்.ஏ. இழையால் பிணைக்கப்பட்ட தங்க நானோதுகள் பச்சை ஒளிர்வைத் தணிக்கிறது. குறிப்பான் வந்து இழையைப் பற்றியதும் இரண்டும் விலகுவதால் தணிப்பு நீங்குகிறது. இனங்காணும் பொருள் டி.என்.ஏ. இழை என்பதால் இது உயிரியுணரி. குறிப்பானின் அளவுக்கேற்ப ஒளிர்வு ஏறுவதால் ஒளிகூடு வகையைச் சேர்ந்தது.’

தடுக்காமல் படிக்க முடிகிறது என்றே எனக்குத் தோன்றுகிறது. முதல் தடவை முழுப்பெயரைச் சொல்லிவிட்டு, அடுத்தடுத்த இடங்களில் ‘உணரி’ என்று மட்டும் எழுதினாலும் பொருள் சிதையவில்லை. ட்ரோபோனினோடு பி.என்.பி.யையும் சேர்த்து அளக்கும் கருவிக்கு ‘ஒளிர் நானோதுகள்வழி இதயக் குறிப்பான் உணரி’ என்பது பொதுப்பெயராகும். ‘இதயவுணரி’ என்று மேலும் சுருக்குவதை மட்டும் ஏற்க வேண்டாம். மணிக்கட்டில் கட்டும் கடிகாரத்தில் இதயத்துடிப்பை அளக்கும் பகுதிக்குத்தான் அது பொருந்தும்.

ஒன்றை என்னால் முடிக்க முடியவில்லை. மேற்கண்ட பத்தியில் பச்சை ஒளிர்வு தணிந்து கூடுகிறது. தங்கம் அதிகம் உறிஞ்சாத சிவப்பு ஏறக்குறைய அப்படியே நிற்கிறது. பச்சையைச் சிவப்பால் வகுத்து அந்த விகிதத்தைக் கொண்டு அளந்தால், பாய்ச்சிய ஒளி சற்றுக் கூடினாலும் குறைந்தாலும் அளவீடு பெரிதும் பிழைபடாது. இம்முறைக்கு ‘விகிதவழி அளவீடு’ என்று எழுதிவிடலாம். ஆனால் மாறாமல் நின்று ஒப்பிடுவதற்கு உதவும் அந்தச் சிவப்பு ஒளிர்வுக்குத் தனிப்பெயர் வேண்டும். ‘ஒப்பொளிர்வு’ என்றால் ஒத்த ஒளிர்வு என்று பொருள்பட்டுவிடுகிறது. ‘நிலையொளிர்வு’ நின்றொளிர்வோடு மோதுகிறது. ‘சான்றொளிர்வு’ வரை வந்து நிற்கிறேன். ஆய்வகத்தில் இதை அன்றாடம் கையாளும் நண்பர்கள் என்ன சொல்லிக்கொள்கிறீர்கள் என்று எழுதுங்கள்.

அன்புடன்.